23 மணி 17 நிமிடம் கழித்துப் போய்ச் சேர்ந்த வண்டி

2025 நவம்பர் 3, திங்கட்கிழமை காலை. எங்கள் தீயணைப்பு நிலையத்தின் அலுவலர் அய்யா, அழைப்புகளை எடுக்கும் வாட்ச் ரூமில் கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, இங்க வா. சனிக்கிழமை ராத்திரி வைக்கப்போர் தீன்னு வந்த போன் காலுக்கு நம்ம வண்டி போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆயிருக்குன்னு நீயே படி.”

படித்தேன். எக்செல் சீட்டில் அந்தக் கட்டத்தில் 23:17 என்று இருந்தது. அதாவது 23 மணி 17 நிமிடம். ஆறு கிலோமீட்டர் தூரத்துக்கு.

நான் அந்த நிலையத்தில் ஓட்டுநர் கம்மியர், அதாவது வண்டியை ஓட்டுபவனும் பழுது பார்ப்பவனும். அன்றைக்கு ஸ்டியரிங் பிடித்தவன் நான். அந்தச் சீட்டைப் போட்டுக் கொடுத்தவனும் நான். எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்பிக்க வழியில்லை.

ஆடி மாதத்தில் வாட்ச் ரூம் கணினியின் ஹார்ட் டிஸ்க் இரண்டு நாள் கிர்ர் கிர்ர் என்று இழுத்துவிட்டு நின்றுபோனது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தோம். 256 ஜிபி எஸ்எஸ்டி மாட்டி விண்டோஸ் 10 ஏற்றித் தந்தார்கள். விண்டோஸ் 11 போடக் கூடாதா என்று கேட்டதற்கு, போர்டு பழசு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, முறையாக ஏறாது என்றார்கள். அது உண்மைதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அப்போது அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் ஓராண்டு வரும் என்று இருந்தது. அதை மறக்காமல் செய்துவிட்டோம். எஸ்எஸ்டி போட்டபிறகு கணினி ஓடிய வேகத்தைச் சொல்லி முடியாது. முன்பெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

வந்த அன்றைக்கே மணி மட்டும் தப்பாக இருந்தது. பகல் 3 மணிக்கு அதிகாலை 2:30 என்று காட்டியது. யாரோ ஒருவர் அமைப்புகளுக்குள் போய், நேரத்தைத் தானாக அமைக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு, கையால் 3 மணி என்று திருத்தினார். யாரோ என்ன, நான்தான். பன்னிரண்டரை மணி நேரம் தள்ளியிருக்கிறதே, ஏன் இவ்வளவு கச்சிதமாக என்று அப்போதே யோசித்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்தது சீட்டு. பதிவேட்டில் கையால் எழுதுவதை நாங்கள் விடவில்லை, விடவும் மாட்டோம். ஆனால் மாதக் கடைசியில் தீ எத்தனை, கிணற்றில் விழுந்த மாடு எத்தனை, பாம்பு எத்தனை என்று பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணுவது பெரிய ரோதனை. அதற்காகத்தான் எக்செல். அழைப்பு வந்த நேரம், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், இடம், வகை. அவ்வளவுதான்.

முதல் வாரம் நான் செய்தது சுத்தப் பைத்தியக்காரத்தனம். நேரக் கட்டத்தில் நவ் என்ற ஃபார்முலாவைப் போட்டு வைத்தேன். அது இப்போதைய நேரத்தைக் காட்டும். ஆனால் ஒவ்வொரு முறை சீட்டு கணக்குப் போடும்போதும் இப்போதைய நேரமாகவே மாறிக்கொண்டிருக்கும். மறுநாள் காலை ஃபைலைத் திறந்தால் முந்தின நாள் வந்த எல்லா அழைப்பும் காலை 7:42-க்கு வந்ததாக வரிசையாக நின்றது. நேரத்தை ஆணி அடித்தாற்போல் நிறுத்த வேண்டுமானால் ஃபார்முலா உதவாது. கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு செமிகோலனைத் தட்டினால் அந்த நொடியின் மணியும் நிமிடமும் கட்டத்தில் விழும், பிறகு அசையாது. ஷிஃப்ட் இல்லாமல் தட்டினால் தேதி விழும். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு அழைப்பைக் கேட்பவருக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. விசைப்பலகையில் அந்தச் செமிகோலன் விசை மேல் சிவப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு பொட்டு ஒட்டிவைத்தேன்.

நள்ளிரவு ஒரு தொல்லை. 11:55-க்கு அழைப்பு, 12:10-க்குச் சேர்கிறோம். கழித்தால் மைனஸ். எக்செல் மைனஸ் நேரத்தைக் காட்டத் தெரியாமல் கட்டம் முழுக்கக் கம்பிவேலி மாதிரிக் குறிகளைப் போட்டுவிடும். எக்செல்லுக்கு ஒரு முழு நாள் என்பது 1. ஆறு மணி நேரம் 0.25. ஒரு நிமிடம் 1440-ல் ஒரு பங்கு. மாட் என்ற ஃபார்முலாவுக்குள் சேர்ந்த நேரத்திலிருந்து அழைப்பு நேரத்தைக் கழித்து, காற்புள்ளி போட்டு 1 என்று கொடுத்தால், மைனஸ் வந்த இடத்தில் ஒரு நாளைக் கூட்டிச் சரியான விடையைத் தரும். 15 நிமிடம் என்று அழகாக வந்தது. எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமைதான் பிறகு 23:17 என்று வந்து நின்றது.

வகைக் கட்டத்துக்கு மட்டும் டேட்டா வேலிடேஷனில் கீழிறங்கும் பட்டியல் வைத்தேன். இல்லாவிட்டால் ஒருவர் ‘பாம்பு’ என்பார், ஒருவர் ‘பாம்பு பிடி’ என்பார், ஒருவர் நல்லபாம்பா சாரையா என்பதுவரை எழுதுவார். எண்ணிக்கை ஃபார்முலாவுக்கு அவை மூன்றும் மூன்று வெவ்வேறு பிராணி. பட்டியலில் உள்ள சொற்களை யூனிகோடில்தான் அடித்தேன். எங்கள் பழைய அறிக்கைகள் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகப் பூச்சி பறக்கும். விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும், தனியாக எதையும் இறக்க வேண்டாம்.

அக்டோபர் 20 தீபாவளி. எங்களுக்கு அது பண்டிகை இல்லை, பரீட்சை. ராத்திரி ஒன்பது மணி சுமாருக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் ஒரு தடவை கீச் என்றுவிட்டு அதுவும் போனது. கரண்ட் வந்து கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் எஃப் 1 அழுத்து என்று நிற்கிறது. அழுத்தி உள்ளே போனால் தேதி 2014 ஜனவரி 1. ராக்கெட் விழுந்த கூரை, குப்பைமேடு, இன்னொரு கூரை என்று அடுத்தடுத்து வந்த அழைப்புகள் எல்லாம் 2014-ல் பதிவாகின. கவனிக்க யாருக்கு நேரம்? துறையின் இணையப் பக்கத்தைத் திறந்தபோது ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது’ என்று உலாவி மறுத்தபோதுதான் ஒருவர் பார்த்தார். பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழுக்கு ஒரு காலவரம்பு உண்டு. கணினி 2014-ல் இருந்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

இது பேட்டரி வேலை, அதாவது என் வேலை. மதர்போர்டில் எட்டணா அளவில் ஒரு வட்டப் பேட்டரி இருக்கும். பெயர் சிஆர் 2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சுவரில் பிளக் இருக்கும்வரை அது செத்துப்போனது வெளியே தெரியாது. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஐந்து விநாடி அழுத்தி மிச்சக் கரண்டை வடித்தேன். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டு பக்கக் கதவைத் திறந்தேன். உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பேட்டரியின் ஓரத்தில் உள்ள சின்னத் தகட்டை நகத்தால் தள்ளினால் அதுவே எம்பி வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் போர்டில் கீறல்தான் மிச்சம். வண்டிக்கு வைத்திருக்கும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன்: 2.3 வோல்ட். புதுசு 3-க்குக் கொஞ்சம் மேலே காட்டியது. கூட்டல் குறி மேல்பக்கம் பார்க்க உட்கார வைத்து மூடினேன்.

பேட்டரி மாற்றினால், கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸின் அமைப்புகள் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்குப் போய்விடும். நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வராதீர்கள். எஸ்எஸ்டி மாட்டியிருக்கும் சாட்டா இணைப்பின் முறை முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ஏஹெச்சிஐ என்று இருந்தது ஐடிஇ என்று மாறியிருந்தால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். அங்கேயே இன்னொன்றும் உண்டு: கரண்ட் போய் வந்தால் கணினி என்ன செய்ய வேண்டும் என்ற தேர்வு. அதைத் தானே எழுந்துகொள்ளும்படி வைத்தேன். வாட்ச் ரூமில் இருப்பவர் போனில் பேசிக்கொண்டே குனிந்து பொத்தானைத் தேட வேண்டாம்.

யுபிஎஸ்ஸைக் கழற்றினால் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி வயிறு ஊதிக் கிடந்தது. அதன் பின்பக்கம் லேசர் பிரிண்டரும் மாட்டியிருந்தது. பிரிண்டர் சூடேறும்போது இழுக்கும் கரண்டைச் சின்ன யுபிஎஸ் தாங்காது. பிரிண்டரை நேராகச் சுவரில் மாட்டினேன்.

எல்லாம் முடித்துவிட்டு, என் போனைப் பார்த்து விண்டோஸில் மணியைக் கையால் வைத்தேன். தானாக அமைக்கும் சுவிட்ச் அணைந்தேதான் இருந்தது. போட்டால் பகல் இரவாகிவிடும் என்பது ‘தெரிந்த’ விஷயம்தானே.

இனி அந்தச் சனிக்கிழமை ராத்திரி. விடிந்தால் நவம்பர் 2, ஞாயிறு. 1:52-க்கு அழைப்பு. 1:54-க்கு வண்டி வெளியே. 2:09-க்கு இடத்தைச் சேர்ந்து வாட்ச் ரூமுக்குச் சொன்னோம். வாட்ச் ரூமில் இருந்த தம்பி சிவப்புப் பொட்டைத் தட்டினான். விழுந்தது 1:09. அவன் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? 1:09-லிருந்து 1:52-ஐக் கழித்தால் மைனஸ் 43 நிமிடம். என் மாட் ஃபார்முலா கடமை தவறாமல் ஒரு நாளைக் கூட்டி 23:17 என்று எழுதியது.

அய்யா கேட்ட கேள்வி நியாயமானது. “வைக்கப்போர்க்காரர் நாளைக்கு இன்சூரன்ஸுக்கோ தாலுகா ஆபீஸுக்கோ அறிக்கை கேட்டு வந்தா, இதைப் பாத்து யாராவது டைப் அடிச்சுக் குடுத்துட்டா என்னடா பண்றது?” கைப்பதிவேட்டில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 2:09 என்று சரியாக இருந்தது. ஆனாலும் இரண்டு பதிவு இரண்டு விதமாக இருந்தால் சந்தேகம் இரண்டின் மேலும்தான் விழும்.

மூன்றாவது சாட்சி ஒன்று இருந்தது. தீ எரியும் இடத்தில் எடுக்கும் படத்தை வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அப்படி அனுப்பினால் படம் சுருங்குவதோடு, எப்போது எங்கே எடுத்தது என்ற உள்தகவலும் உரிந்து போகும். வந்து சேரும் ஃபைலின் பெயரில் இருப்பது வந்த தேதிதான். டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும், அல்லது நிலையத்தின் மெயிலுக்கு. அன்றைக்கு முன்னணி தீயணைப்போர் அண்ணன் மெயிலில் அனுப்பியிருந்தார். படத்தை இறக்கி, வலது கிளிக், பண்புகள், விவரங்கள் என்று போய்ப் பார்த்தோம். எடுத்த நேரம் அதிகாலை 2:11. போனின் நேரம் நெட்வொர்க்கிலிருந்து வருவது. ஆக வண்டி சரி, சுவர்க் கடிகாரம் சரி, கணினி மட்டும் தப்பு.

அப்போதுதான் அந்த மெயிலின் தலைப்பு கண்ணில் பட்டது. அனுப்பிய நேரம் சனிக்கிழமை பகல் 1:50. என் போனில் அதே மெயிலைத் திறந்தேன். ஞாயிறு அதிகாலை 2:20. இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டரை மணி நேரம். ஆடி மாதத்தில் பார்த்த அதே பன்னிரண்டரை.

தேதி நேர அமைப்பில் நேர மண்டலம் என்ற வரியைத் திறந்தால் ‘பசிபிக் நேரம், அமெரிக்கா, கனடா’ என்று சிரிக்கிறது. கடையில் விண்டோஸ் ஏற்றும்போது வந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் மண்டலத்தைத் திருத்தாமல் முள்ளை மட்டும் திருகியிருக்கிறேன். கலிஃபோர்னியாவில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு அதைத் திரும்ப 1 மணி ஆக்குவார்கள். 2025-ல் அந்த ஞாயிறு நவம்பர் 2. எங்கள் கணினி தன்னை கலிஃபோர்னியாவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, நாங்கள் வைக்கப்போரை நோக்கி ஓடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், 2 மணி ஆனதும் சமர்த்தாக 1 மணிக்குத் திரும்பிவிட்டது.

அய்யாவிடம் விளக்கினேன். நம்பாத பார்வை பார்த்தார். “அமெரிக்காக்காரன் கடிகாரத்தைத் திருப்புனா நம்ம வண்டி லேட்டா?” என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

திருத்துவதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மண்டலம்: ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி’, 5:30 கூட்டல். தேர்ந்தெடுத்ததும் காலை 9:10 என்று காட்டிக்கொண்டிருந்தது ஒரே தாவில் இரவு 10:40 ஆனது. பயப்பட வேண்டாம். அடுத்து தானாக அமைக்கும் சுவிட்சைப் போட்டு, ‘இப்போது ஒத்திசை’ பொத்தானை அழுத்தினேன். 10:10. என் போனிலும் 10:10. கணினியின் தேதி ஆண்டுக்கணக்கில் தள்ளியிருந்தால் இந்தப் பொத்தான் கைவிரிக்கும். முதலில் கையால் சரியான தேதிக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். இந்திய நேரத்தைப் பராமரிப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அவர்களுடைய நேர சர்வரின் முகவரியையும் கன்ட்ரோல் பேனலில் போட்டு வைக்கலாம். எங்கள் வேலைக்கு விண்டோஸ் தருவதே போதுமானதாக இருந்தது. வாட்ச் ரூம் கணக்கை அட்மின் உரிமை இல்லாத கணக்காக மாற்றினேன். அதிலிருந்து மணியைத் திருக முடியாது. என் மாதிரி ஆட்களிடமிருந்து கணினியைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி.

தப்பான நேரம் விழுந்த வரிகள் மொத்தம் ஐந்து. அவற்றை அழித்து எழுதவில்லை. பக்கத்தில் ‘திருத்திய நேரம்’ என்று ஒரு பத்தி சேர்த்து, காரணத்தையும் எழுதி, அய்யாவிடம் காட்டினேன். பதிவேட்டில் தப்பை ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதுவோமே, அதே முறைதான்.

மாட் ஃபார்முலாவைத் தூக்கிவிட்டேன். அது தப்பான நேரத்தையும் விடை மாதிரி அலங்கரித்துக் கொடுக்கிறது. இப்போது ஒரே கட்டத்தில் தேதியும் நேரமும்: கன்ட்ரோலுடன் செமிகோலன், ஒரு இடைவெளி, கன்ட்ரோல் ஷிஃப்டுடன் செமிகோலன். நேராகக் கழித்தால் நள்ளிரவு ஒரு பிரச்சினையே இல்லை. நேரம் பின்னால் போயிருந்தால் கம்பிவேலி வந்து நிற்கும். வரட்டும், அது கண்ணில் குத்தும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் கட்டம் சிவப்பாகும்படியும் செய்து வைத்திருக்கிறேன்.

ஒரு மணிக்கு 60 நிமிடம் என்கிறோமே, அந்த 60-ஆல் வந்த இன்னொரு வம்பையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் இடத்தைச் சொல்ல அட்சரேகை 10 பாகை 47 நிமிடம் என்று போனில் படித்தார். தம்பி மேப்பில் 10.47 என்று அடித்தான். பாகைக்கும் மணியைப் போல 60 நிமிடம்தான். 47-ஐ 60-ஆல் வகுத்தால் 10.783. இந்த வித்தியாசம் தரையில் கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர். கடைத்தெரு பெயரையும் கூடவே கேட்டிருந்ததால் பிழைத்தோம். இப்போது வாட்ச் ரூம் சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: முதல் எண் 8-லிருந்து 13-க்குள், இரண்டாவது எண் 76-லிருந்து 80-க்குள், இல்லாவிட்டால் திரும்பக் கேள். எங்கள் பக்கத்து எண்களை முன்பின் மாற்றி அடித்தால் மேப் வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டு கடலில் கொண்டுபோய் விடும். வாட்டர் டெண்டர் என்கிற எங்கள் தண்ணீர் வண்டி அங்கே தேவைப்படாது.

பென்டிரைவ் பற்றி ஒரு வார்த்தை. பிரவுசிங் சென்டருக்குப் போய் வந்த பென்டிரைவில் ஃபைல்களைக் காணோம், எல்லாம் குறுக்குவழிப் படமாக நிற்கிறது என்றால் எதையும் இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். ஃபைல்கள் உள்ளேயேதான் ஒளிந்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் அமைப்பில் மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொல்லி, நம்முடையதை மட்டும் நகலெடுத்து, வைரஸ் பார்த்துவிட்டு, டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம்.

அமெரிக்காவில் கடிகாரத்தைத் திரும்ப முன்னே தள்ளுவது மார்ச் இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணி. 2026-ல் அது மார்ச் 8. வாட்ச் ரூம் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். மண்டலம் சரியாக இருக்கும்போது ஒன்றும் நடக்காது என்று தெரியும். ஆனாலும் அந்த ராத்திரி எனக்கு டூட்டி இருந்ததால், தம்பியும் நானும் திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 1:58. 1:59. 2:00. இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. 2:01.

“மாறலண்ணே” என்றான்.

2:16-க்குப் போன் அடித்தது. அடுப்படியில் பாம்பு. தம்பி கேட்டுக்கொண்டே சிவப்புப் பொட்டைத் தட்டினான், நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.